மாட்டுக்குப் பல்லு, மாமாவுக்கு எச்சில்: உடம்பின் வயதை எப்படி அளக்கிறார்கள்?

செங்கோட்டைக்குப் பக்கத்தில் புளியரையில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு மூன்று வயது. குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று விதமான வயது.

ஜாதக நோட்டில் கொல்லம் ஆண்டு 1123, ஐப்பசி என்று மலையாளக் கணக்கில் எழுதியிருக்கிறது. ஆங்கிலக் கணக்குக்கு 1947 அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும். அப்போது செங்கோட்டைப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். அதனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பிறந்த வருஷம் கேட்டால் முதலில் வாயில் வருவது கொல்லம் கணக்குத்தான். மாமாவைப் பள்ளிக்கூடத்தில் தாமதமாகத்தான் சேர்த்தார்கள். ஹெட்மாஸ்டர் ஆளைப் பார்த்தார், ஐந்து வயது என்று முடிவு செய்தார், 1-6-1950 என்று எழுதிவிட்டார். அந்தத் தேதியை வைத்துத்தான் மாமா ரயில்வேயில் தண்டவாளத்தைச் சோதிக்கும் கீமேன் வேலைக்குச் சேர்ந்து, 2010-இல் ஓய்வும் பெற்றார். "ரெண்டரை வருசச் சம்பளம் எங்க ஹெட்மாஸ்டர் போட்ட பிச்சை" என்று இன்றும் சொல்வார்.

மூன்றாவது வயது போன வருஷம் தபாலில் வந்தது. கொச்சியில் வேலை பார்க்கும் அவர் மகன் ஒரு பரிசோதனைப் பெட்டியை வாங்கி அனுப்பியிருந்தான். சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி, மூடி, திருப்பி அனுப்ப வேண்டும். ஐந்து வாரம் கழித்து அறிக்கை வந்தது: உயிரியல் வயது 69.4.

"மாப்ள, எச்சிலப் பாத்து வயசு சொல்ல முடியுமா?" என்று என்னிடம் கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்குச் சொன்ன பதில்தான், கொஞ்சம் விரிவாக.

நீங்கள் மாட்டுக்குப் பார்த்ததுதானே மாமா என்று ஆரம்பித்தேன். புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிற மாடுகளை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். மாட்டுக்கு ஜாதகம் கிடையாது. தரகர் வாயைப் பிளந்து கீழ்வரிசைப் பல்லைப் பார்ப்பார். பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. நாலு பல், ஆறு பல் என்று போய் எட்டும் முளைத்துவிட்டால் நாலு வயதுக்கு மேல். அதுவரை கணக்குச் சுத்தமாக வரும். எட்டுப் பல்லும் வந்த பிறகு முளைக்க ஒன்றும் இல்லை, தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மணல் கலந்த காட்டில் மேய்ந்த மாட்டுக்குப் பல் சீக்கிரம் தேயும். தொழுவத்திலேயே தீவனம் தின்ற மாட்டுக்கு மெதுவாகத் தேயும். ஆகவே தரகர் சொல்கிற 'எட்டு வயசு' பிறந்த நாள் கணக்கு இல்லை. எட்டு வயது மாடுகளின் வாய் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படி இந்த வாய் இருக்கிறது என்று அர்த்தம்.

உயிரியல் வயது என்பதும் இதுதான். உங்கள் உடம்பில் ஏதோ ஒன்றை அளக்கிறார்கள். அந்த அளவு எந்த வயதுக்காரர்களிடம் வழக்கமாகக் காணப்படுகிறதோ அந்த வயதை உங்களுக்குச் சொல்கிறார்கள். எதை அளக்கிறார்கள், யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்ற இரண்டும் மாறினால் வயதும் மாறிவிடும்.

மனிதனுக்கு எந்தப் பல்லைப் பார்ப்பது? முதலில் பிரபலமானது டெலோமியர். குரோமோசோமின் நுனியில் இருக்கும் பகுதி அது. துண்டின் ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் முடிந்து வைக்கிறோம் அல்லவா, அதுபோல. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் குறையும். டெலோமியர் குரோமோசோமை எப்படிக் காக்கிறது என்று கண்டுபிடித்த பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. அழகான அறிவியல்தான். ஆனால் வயதைச் சொல்லும் கருவியாக அது அவ்வளவு கெட்டியில்லை. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே நீளம் ரொம்ப வேறுபடுகிறது.

இப்போது எல்லோரும் பார்ப்பது டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளை. டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஒரு தடித்த புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மாறுவதில்லை. ஆனால் சில பக்கங்களின் ஓரத்தை மடித்து 'இதை இப்போது திறக்க வேண்டாம்' என்று வைத்திருக்கிறது உடம்பு. அந்த மடிப்புதான் மெத்தில் குறி. வயது ஏற ஏற சில பக்கங்களில் மடிப்பு கூடும், சில பக்கங்களில் பிரியும். ஆளுக்கு ஆள் ஏறக்குறைய ஒரே பக்கங்களில் இது நடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். 2013-இல் ஸ்டீவ் ஹோர்வத் என்ற விஞ்ஞானி சுமார் 8,000 மாதிரிகளை ஆராய்ந்து, 353 இடங்களைப் பார்த்தாலே போதும், வயதைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். ரத்தம், மூளை, தோல் என்று எதை எடுத்தாலும் விடை கிட்டத்தட்ட சரியாக வந்தது. பிழை பாதிப் பேருக்கு 3.6 வருஷத்துக்குள்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிறந்த தேதியைச் சரியாகச் சொல்லத்தான் அந்தக் கடிகாரத்தைப் பழக்கினார்கள். அது நூற்றுக்கு நூறு சரியாக வேலை செய்தால் என்ன சொல்லும்? பிறந்த தேதியைத்தான். அதற்கு ஜாதக நோட்டே போதுமே! நமக்கு வேண்டியது தேதியிலிருந்து உடம்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. அதனால் அடுத்து வந்த கடிகாரங்களை வேறு விதமாகப் பழக்கினார்கள். 2018-இல் வந்த ஃபீனோஏஜும் 2019-இல் வந்த கிரிம்ஏஜும் வயதை ஊகிப்பதோடு நிற்பதில்லை, நோயையும் சாவையும் எவ்வளவு நெருங்கியிருக்கிறோம் என்று ஊகிக்கின்றன. கிரிம்ஏஜில் புகைப் பழக்கத்தின் தடயமும் ஒரு கணக்காகச் சேர்கிறது. பீடி குடிக்கவே இல்லை என்று வீட்டில் சொல்லலாம், அதனிடம் செல்லாது.

மூன்றாவது வகை எனக்குப் பிடித்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அவர்களுக்கு 38 வயது ஆனபோது உடம்பைச் சோதித்தால், சிலருக்கு உடம்பின் வயது முப்பதுக்குக் கீழே, சிலருக்கு அறுபதை ஒட்டி! ஒரே ஊர், ஒரே வருஷத்துப் பிறப்பு. அவர்களிடம் 26, 32, 38, 45 வயதுகளில் இதயம், சிறுநீரகம், நுரையீரல், ஈறு என்று 19 அளவுகளை எடுத்து, ஒவ்வொருவர் உடம்பும் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று கணித்தார்கள். அந்த வேகத்தை ஒரு துளி ரத்தத்திலிருந்து சொல்லும் கணக்கு 2022-இல் வந்தது. பஸ்ஸில் இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று, இப்போது என்ன வேகம் என்று காட்டும் முள் ஒன்று. இது முள். 1 என்று காட்டினால் ஒரு வருஷத்துக்கு ஒரு வயது ஏறுகிறது, 1.2 என்றால் கொஞ்சம் அவசரமாகப் போகிறீர்கள்.

சரி, மாமாவின் 69.4-க்கு வருவோம். அந்தத் தசமப் புள்ளிதான் என்னை உறுத்தியது. ஒரே ரத்தத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை சோதித்தால்கூட, பழைய கடிகாரங்களில் விடை 9 வருஷம் வரை மாறலாம் என்று 2022-இல் ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். பிறகு கணக்கைத் திருத்தினார்கள் என்பது வேறு விஷயம், எந்தக் கணக்கை வைத்துச் சோதித்தோம் என்று மாமாவின் அறிக்கை சொல்லவில்லை. எச்சிலில் வெள்ளணுவும் இருக்கும், கன்னத்து உள்தோல் செல்லும் இருக்கும். இரண்டின் விகிதம் நாளுக்கு நாள் மாறும். பெரிய அறுவை சிகிச்சை, கடுமையான கோவிட், கர்ப்பம் போன்ற நெருக்கடிகளில் இந்த வயது சட்டென்று ஏறி, உடம்பு தேறியதும் இறங்குகிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே எடுத்த நாளும் முக்கியம். மாமாவின் உடம்பு வயசுக்கு மீறித் திடமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆரியங்காவுப் பக்கத்து மலைப்பாதையில், தோளில் சுத்தியலும் ஸ்பானருமாக, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் நடந்த கால்கள் அவை. அதற்குத் தசமப் புள்ளி வேண்டாம்.

பெட்டி வாங்காமலே கணக்கிட ஒரு வழி இருக்கிறது, இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஃபீனோஏஜின் அடித்தளம் சாதாரண லேபில் எடுக்கும் ஒன்பது ரத்த அளவுகள்: சர்க்கரை, கிரியாட்டினின், ஆல்புமின், அல்கலைன் பாஸ்பட்டேஸ், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., மொத்த வெள்ளணு, அதில் லிம்போசைட் சதவீதம், சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி., சிவப்பணுக்களின் அளவு எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கிறது என்று சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. கூடவே பிறந்த வயது. அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய உடல்நலக் கணக்கெடுப்பிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று கணித்துச் சூத்திரமாக வெளியிட்டிருக்கிறார்கள். மற்றவை அப்படியே இருக்க, சர்க்கரை 100-லிருந்து 150-க்கு ஏறினால் தோராயமாக 6 வயது கூடும். ஆர்.டி.டபிள்யூ. ஒரு புள்ளி ஏறினால் மூன்றரை வயதுக்கு மேல் கூடும்.

அந்த ஆர்.டி.டபிள்யூ. எண்ணைப் பாருங்கள். நம் லேப் அறிக்கையில் ஹீமோகுளோபினுக்குக் கீழே எங்கோ பொடி எழுத்தில் கிடக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நானும் கண்டுகொண்டதில்லை, அத்தையின் அறிக்கையைக் கையில் எடுக்கும்வரை.

அத்தைக்கு 66 வயது. மாமாவுக்கு எச்சில் பெட்டி வந்த சமயத்தில் அவர் நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவார். கேட்டால், "வயசாவுதுல்லா" என்பார். வீட்டில் எல்லோருக்கும் அது போதுமான பதிலாக இருந்தது. ஒரு நாள் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.8. எம்.சி.வி. 72. ஆர்.டி.டபிள்யூ. 17. விளையாட்டாகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஆர்.டி.டபிள்யூ. வழக்கமான 13-க்குப் பதில் 17 என்பதால் மட்டும் 14 வயது கூடியது. சிவப்பணு சிறுத்துப்போய் எம்.சி.வி. 90-லிருந்து 72-க்கு இறங்கியதால் 5 வயது குறைந்தது. ஆமாம், குறைந்தது! அமெரிக்கக் கணக்கெடுப்பில் பெருத்த சிவப்பணு ஆபத்தோடு சேர்ந்து வந்ததால், சிறுத்தது நல்லது என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. கூட்டிக் கழித்தால் அத்தை 9 வருஷம் முந்திப் போய்க்கொண்டிருக்கிறார்.

ஆனால் சிறுத்த சிவப்பணு, ஏற்றத்தாழ்வான அளவு என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் நினைப்பது முதுமையை அல்ல, இரும்புச்சத்துக் குறைவை. மாதவிலக்கு நின்று வெகுநாளான பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். தேடினார்கள். வயிற்றில் புண். மூட்டுவலிக்கு என்று பல வருஷமாக மருந்துக்கடையில் தானாகவே வாங்கிப் போட்ட மாத்திரையின் வேலை. மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்து, இரும்புச்சத்து மாத்திரையும் ஆரம்பித்தார்கள்.

முதல் சில வாரங்களில் ஆர்.டி.டபிள்யூ. இன்னும் ஏறியது. பழைய சிறிய அணுக்களோடு புதிதாக வந்த பெரிய அணுக்கள் கலக்கும்போது அப்படித்தான் ஆகும். சூத்திரத்தைக் கேட்டால் 'மருந்து சாப்பிட்டு அத்தைக்கு இன்னும் வயதாகிறது' என்றிருக்கும். சிவப்பணு ஒன்றின் ஆயுள் 120 நாள். நாலு மாதம் போனதும் ஆர்.டி.டபிள்யூ. 14, எம்.சி.வி. 86. கணக்குப்படி அத்தைக்கு ஏறக்குறைய 7 வயது குறைந்தது. முதுமை பின்னால் திரும்பிவிட்டதா என்ன? ஒரு புண் ஆறியது. படி ஏறுகிறார், அவ்வளவுதான்.

இதே எம்.சி.வி. விஷயத்தில் இன்னொரு கூத்து. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் எம்.சி.வி. பிறவியிலேயே குறைவாக இருக்கும், ஆர்.டி.டபிள்யூ. பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. சூத்திரம் அவர்களுக்கு நாலைந்து வயதைச் சும்மா குறைத்துக் கொடுத்துவிடும். ஆகவே யாராவது 'எனக்கு உடம்பு வயது ஐந்து குறைவு' என்று சொன்னால், எந்த அளவால் குறைந்தது என்று கேளுங்கள்.

ரத்தமே வேண்டாம் என்றால் தரையில் உட்கார்ந்து எழுந்து பார்க்கலாம். பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரை உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். உட்கார 5, எழ 5. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போகும், தள்ளாடினால் அரை. 8-க்கு மேல் வாங்கியவர்களைவிட, 3-க்கு மேல் தாண்டாதவர்கள் அடுத்த சில வருஷங்களில் இறப்பது ஐந்தாறு மடங்கு அதிகமாக இருந்தது என்று 2012-இல் எழுதினார்கள். படித்ததும் எனக்குப் பழைய கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு கையில் மடித்த வேட்டியும் இன்னொரு கையில் எச்சிலுமாக, ஊன்ற இடமில்லாமல் எழுந்த தாத்தாக்கள். எல்லோரும் பத்துக்குப் பத்து! இப்போது பந்தியெல்லாம் மேஜை நாற்காலி, யார் எழ முடியாதவர் என்று தெரியவே தெரியாது. மூட்டுத் தேய்ந்தவர்கள் இதைத் தனியாக முயல வேண்டாம், பக்கத்தில் ஆளும் சுவரும் இருக்கட்டும்.

கைப்பிடி வலுவும் அப்படித்தான். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் எடுத்த ஆய்வு 2015-இல் வந்தது. பிடி 5 கிலோ குறையும்போது மரண வாய்ப்பு 16% கூடுதலாக இருந்தது. ரப்பர்ப் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கைப்பிடி என்பது மொத்தத் தசையின் நிலவரத்தைச் சொல்லும் ஓர் அடையாளம், மாட்டின் பல் மாதிரி. பல்லை அரத்தால் ராவி வயதைக் குறைத்துக் காட்டும் தரகர்களும் இருந்தார்கள் என்று மாமா சொல்வார். மாடு அதனால் இளசாகிவிடாது.

அப்புறம் எல்லோரும் கேட்பது: மெதுவாக்க முடியுமா? குற்றாலத்தில் லேகியம் விற்பவரும் முடியும் என்றுதான் சொல்கிறார், காயகற்பம் என்பது நமக்குப் புதிய சொல்லும் இல்லை. மனிதரில் ஒழுங்காகச் சோதித்தவை சில உண்டு. அமெரிக்காவில் 220 பேரை வைத்து இரண்டு வருஷம் நடந்த சோதனையில், ஒரு பிரிவினரைச் சாப்பாட்டில் 25% கலோரியைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்களால் முடிந்தது 12% தான் (யாருக்குத்தான் முடியும்?). டுனெடின் முள் 2 முதல் 3% மெதுவானது. ஃபீனோஏஜும் கிரிம்ஏஜும் அசையவில்லை. சுவிட்சர்லாந்தில் 777 முதியவர்களிடம் நடந்த சோதனையில், ஒரு பகுதியினருக்கு மூன்று வருஷம் மீனில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பைக் கொடுத்ததில், சில கடிகாரங்களில் மூன்று முதல் நாலு மாதம் குறைந்தது. மூன்று வருஷத்துக்கு மூன்று மாதம். மத்தி மீன் குழம்பும் மரச்சீனியும் சாப்பிடுகிற ஊரில் இதற்கென்று தனி மாத்திரை வாங்குவானேன் என்பது என் கட்சி.

மருந்துகளில் பெரிய பெயர் ராபமைசின். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து எடுத்த பொருள், உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்படுவது. 2009-இல் வயதான எலிகளுக்குக் கொடுத்ததில் ஆயுள் கூடியது. மனிதருக்கு ஆயுள் கூடும் என்று நிரூபணம் இல்லை. வாய்ப்புண், கொழுப்பு ஏறுவது, தொற்று எதிர்ப்புக் குறைவது எல்லாம் உண்டு. வாட்ஸ்அப் பார்த்து வாங்குகிற சாமான் இல்லை.

இவற்றுக்குப் பக்கத்தில் பழைய ஒரு கணக்கை வையுங்கள். பிரிட்டனில் ஆண் டாக்டர்களை 1951 முதல் ஐம்பது வருஷம் பின்தொடர்ந்தார்கள். புகைப்பதை 60 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக 3 வருஷம் கிடைத்தது. 50-இல் விட்டவர்களுக்கு 6, 40-இல் 9, 30-இல் 10. எந்தக் கடிகாரமும் பார்க்காமல், செலவும் இல்லாமல், உண்மையான காலண்டர் வருஷங்கள். மாமா பீடியை விட்டது 40 வயதில், புனலூரில் ஒரு டாக்டர் திட்டியதால். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஒழுங்காக மாத்திரை போடுவது, வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தசைக்குப் பாரம் கொடுப்பது, இரவு தூங்குவது எல்லாம் இந்த வரிசையில்தான் வரும். சுவையில்லாத பட்டியல், தெரியும். பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறவன் நான், ரொம்ப உபதேசம் செய்ய எனக்கு வாய் இல்லை.

மெத்தில் சோதனை எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று. காய்ச்சல், அறுவை, தூக்கமில்லாத வாரம் எதுவும் பக்கத்தில் இல்லாதபோது எடுங்கள். மறுமுறையும் அதே நிறுவனம், அதே வகை மாதிரி, நாளில் அதே நேரம். இரண்டு எண்ணுக்கும் நடுவே ஒன்றிரண்டு வருஷ வித்தியாசம் வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மகன் இந்த வருஷமும் பெட்டி அனுப்பியிருக்கிறான். மாமா அதைப் பிரிக்காமல் பரணில் வைத்துவிட்டார். அவருடைய கவலை வேறு. ரயில்வே பென்ஷனில் 80 வயது ஆனால் 20% கூடுதலாகக் கிடைக்கும். ஜாதகப்படி அது 2027 ஐப்பசியில் வர வேண்டும். சர்டிபிகேட்படி 2030 ஜூன்வரை காத்திருக்க வேண்டும். எச்சில் கணக்குப்படி எப்போது என்று கேட்டார். இன்னும் ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும் என்றேன்.

"அப்ப அந்தத் தாள ஆபீஸ்ல காட்டிராத மாப்ள" என்றார்.